கணப்பும் சுதந்திரமும்

குளிர் தேசங்களில் கணப்பு என்பது சுகபோகமன்று. சோற்றுக்கு அடுத்தபடியான அவசியம். மார்கழிப் பனியை ஒரு கம்பளியால் சமாளித்துவிடும் நமக்கு இதன் அருமை எளிதில் விளங்காது. ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் ஜனவரி மாதத்தில் வீட்டைச் சூடாக்க வகையில்லாதவன் பட்டினி கிடப்பவனுக்குச் சமானமாவான். அந்தக் கணப்புக்கு வேண்டிய எரிபொருளை அன்னியர் தயவில் விட்டுவைத்த ஜனங்களின் கதி யாது? இந்தப் பாடத்தை ஐரோப்பா இருமுறை கற்றது. 1973-ம் வருஷத்தில் அராபிய நாடுகள் எண்ணெயைக் குறைத்தபோது, தன் எரிபொருள் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்த டென்மார்க் திகைத்து நின்றது. 2022-ல் ருஷியா உக்ரேன்மீது படையெடுத்த பின்னர், குழாய் வழியே வந்துகொண்டிருந்த வாயு குறைந்து, செப்டம்பரில் முக்கியமான குழாயொன்றில் அறவே நின்றது. ஜெர்மானியக் குடும்பங்கள் கணப்புச் செலவை எண்ணிக் கலங்கின.

அந்தக் கலக்கத்தின் நடுவே கலங்காதிருந்த ஒரு சிற்றூர் உண்டு. பெர்லினுக்குத் தென்மேற்கே, பிராண்டன்பர்க் மாகாணத்திலுள்ள பெல்ட்ஹைம் என்பது அது. ஜனத்தொகை சுமார் 130 பேர். 1995-ல் அவ்வூர் வயல்களில் காற்றாலைகள் நிறுவத் தொடங்கினர். இன்று அவை ஐம்பதுக்கு மேற்பட்டவை. பின்னர் அவ்வூர் விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தார் சாண எரிவாயு நிலையம் ஒன்றை அமைத்தனர். கால்நடைக் கழிவும் மக்காச்சோளமும் அங்கே புளித்து வாயுவாகின்றன. அவ்வாயு யந்திரத்தில் எரிந்து மின்சாரம் தருகிறது. யந்திரத்தின் உஷ்ணத்தையும் அவர்கள் வீணாக்குவதில்லை. அதைக்கொண்டு தண்ணீரைக் காய்ச்சி, பூமிக்கடியில் போட்ட குழாய்கள் மூலம் வீடுதோறும் அனுப்புகின்றனர். வெந்நீர் தன் சூட்டை வீட்டிலே கொடுத்துவிட்டு, ஆறிய நீராய் நிலையத்துக்குத் திரும்புகிறது. கடுங்குளிர் நாட்களில் மரத்துண்டுகளை எரிக்கும் கொதிகலம் ஒன்று துணை நிற்கிறது. வீட்டுக்கு வீடு எண்ணெய்த் தொட்டியும் அடுப்பும் வேண்டியதில்லை.

இதில் நாம் கவனிக்கத்தக்கது யந்திரமன்று. ஊரில் ஏற்கெனவே இருந்த மின்கம்பிகள் ஒரு பெரிய கம்பெனியின் வசம் இருந்தன. கிராமவாசிகள் அவற்றை விலைக்குக் கேட்டனர், கிடைக்கவில்லை. வாடகைக்குக் கேட்டனர், அதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் மனுப் போட்டுக்கொண்டு காத்திருக்கவில்லை. குடும்பத்துக்கு 3,000 யூரோ வீதம் பங்குப் பணம் போட்டு, தங்களுக்கென்றே வேறு மின்கம்பியும் வெந்நீர்க் குழாயும் அமைத்து, 2010-ல் சொந்தக் காலில் நின்றனர். மாகாண சர்க்காரும் ஐரோப்பிய யூனியனும் பண உதவி செய்தன என்பதையும், காற்றாலைக் கம்பெனி ஒன்று கூட நின்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உதவி வெளியிலிருந்து வரலாம். உரிமை ஊராரிடம் நின்றதே முக்கியம்.

எனினும் இத்தகைய ஏற்பாடுகளுக்கு ஆக்ஷேபணைகள் உண்டு. நியாயவாதி அவற்றைத் தட்டிக்கழிக்கலாகாது. முதலாவது, குழாயில் சேர்ந்தவன் வேறு வியாபாரியிடம் போக முடியாது. ஆகவே குழாய்க்காரன் வைத்ததே விலையாகிவிடாதா? ஆகும், சட்டம் தூங்கினால். டென்மார்க் 1979-ல் வெப்ப விநியோகச் சட்டம் செய்தது. உண்மையான அவசியச் செலவுக்குமேல் லாபம் வைத்து வெப்பத்தை விற்கலாகாது என்பது அந்நாட்டில் நிலைபெற்ற தத்துவம். அங்கே பல வெப்ப ஸ்தாபனங்களுக்கு வாங்குவோரே சொந்தக்காரர்கள். ஏகபோகத்தை ஒழிக்க முடியாத இடத்தில், அதை ஜனங்களின் சொத்தாக்கிவிடுவதே விவேகம்.

இரண்டாவது, உணவு விளையும் நிலத்தில் யந்திரத்துக்கு மக்காச்சோளம் விளைவிப்பது தகுமா என்பது. இது நியாயமான கேள்வி. அளவுக்கு மிஞ்சினால் தகாது என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் வேறு வழிகளும் உண்டு. டென்மார்க்கின் ஏரோ தீவிலுள்ள மார்ஸ்டல் என்னும் ஊரில் கோடை வெயிலால் தண்ணீரைக் காய்ச்சி, 75,000 கன மீட்டர் கொள்ளும் மூடிய குளமொன்றில் சேமித்து, குளிர்காலத்தில் செலவிடுகின்றனர்.

மூன்றாவது, சர்க்காரின் ஆதரவு நிரந்தரமன்று. ஜெர்மனியில் 2000-ம் வருஷத்துச் சட்டம் இத்தகைய மின்சாரத்துக்கு 20 வருஷங்கள் நிச்சயமான விலை அளித்தது. தவணை முடிந்தபின் நிலையம் தன் வரவைக்கொண்டே வாழவேண்டும். அந்நாளுக்கு முன்னதாகவே கணக்கைச் சீர்செய்துகொள்ளாத சங்கம், ஆரம்ப உற்சாகம் எவ்வளவு பெரிதாயினும், கைமாறிப் போவதைத் தடுப்பது கடினம்.

இவை யாவற்றிற்கும் மேலாக ஒரு நிபந்தனை உண்டு. வீடுகள் நெருங்கியிருக்க வேண்டும். பெரும்பாலோர் சேரவும் வேண்டும். பத்து வீட்டில் இரண்டு வீடு மட்டும் சேர்ந்தால், குழாயின் செலவு அவ்விருவர் தலையில் விழும்; வெப்பமும் வழியிலே வீணாகும். கொட்டிங்கன் நகரத்தருகே யூண்டே என்னும் கிராமம் 2005-ல் இந்த வழியில் முன்னோடியாக விளங்கியதற்குக் காரணம், அங்கே ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது வீட்டார் கூட்டுறவுக்கு இசைந்ததேயாகும். கொதிகலத்தைக் கடையில் வாங்கலாம். அந்த இசைவை எக்கடையிலும் வாங்க முடியாது. வீடுவீடாகச் சென்று பேசி, சந்தேகங்களுக்கு விடை கூறி, கணக்கை எல்லோர் முன்னும் திறந்து வைத்து, அதைச் சம்பாதிக்க வேண்டும்.

தூரதேசத்து மந்திரிகளின் கோபதாபங்களைப் பொறுத்துத் தன் வீட்டுக் கணப்பு எரிவதும் அணைவதுமாக இருப்பவன், வோட்டுரிமை பெற்றிருந்தும் பாதிச் சுதந்திரனே. மிகுந்த பாதியை 130 பேர் கொண்ட ஓர் ஊரும் முயன்றால் பெறலாம் என்பதற்கு பெல்ட்ஹைம் சாக்ஷியாக நிற்கிறது.