கண்ணுக்கு விருந்து, கைக்கு ஆபத்து!

மாசி மாதம் வந்துவிட்டால் காரமடைக்குத் தனிக் களை வந்துவிடும். அரங்கநாதருக்குத் தேர்த் திருவிழா! கோவை, மேட்டுப்பாளையம், அன்னூர், நீலகிரி மலை என்று நாலா பக்கமிருந்தும் ஜனங்கள் திரண்டு வருகிறார்கள். உள்ளூர் வீடுகளில் ஒரம்பரைக்குக் குறைவே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பேர், இருபது பேர் வந்து இறங்குகிறார்கள்.

வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வாசலில் வாழைமரம் கட்டுகிறார்கள். மாவிலைத் தோரணம் கட்டுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் சீரியல் விளக்குப் போடுகிறார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்குகள் கண் சிமிட்டுகின்றன.

வந்த வீட்டுக் குழந்தை என்ன செய்யும்? கையை நீட்டும்!

உடனே பாட்டி அலறுகிறாள்: "ஏ கண்ணு, அதைத் தொட்டறாதே சாமி!"

நம் வீடுகளில் பலவற்றில் இன்றைக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, இந்தப் பாட்டியின் குரல்தான். பாட்டி சற்றே திரும்பிவிட்டால்? அடுக்களையில் பலகாரம் கருகுகிறது என்று உள்ளே போய்விட்டால்?

ஆகவே, ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். விளக்கைத் தொட்ட குழந்தை மேல் குற்றம் இல்லை. தொடும்படி கட்டிய பெரியவர் மேல்தான் குற்றம். விளக்குப் போட்டு ஊரை அழைக்கிறவர் யாரோ, வந்தவர்களின் உயிரைக் காக்கும் பொறுப்பும் அவருக்கே உரியது.

அகல் சொல்லும், பல்பு சொல்லாது

கார்த்திகை தீபத்தன்று வாசல் எங்கும் அகல் விளக்கு ஏற்றுகிறோம். திண்ணையில் வைக்கிறோம். படியில் வைக்கிறோம். கோலத்தின் நடுவிலும் வைக்கிறோம். எல்லாம் குழந்தையின் கைக்கு எட்டும் இடந்தான். ஆனாலும், அகலில் கை வைத்ததால் உயிர் போயிற்று என்று கேள்விப்படுவது அபூர்வம்.

ஏன்? அகல் விளக்கு தானே பேசுகிறது! கை அருகில் போனாலே சுடுகிறது. "தள்ளிப் போ" என்கிறது. ஒரு முறை சுட்டுக்கொண்ட குழந்தை மறு முறை நெருங்காது.

காரமடைத் தேர்த் திருவிழாவில் பந்த சேவை நடக்கிறது. பக்தர்கள் எரியும் பந்தத்தைக் கையில் ஏந்தி வருகிறார்கள். யாராவது அவர்களுக்குக் குறுக்கே போகிறார்களா? சொல்லாமலே ஜனங்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள். நெருப்பைக் கண்டால் ஒதுங்குவது மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படித்த பாடம்.

மின்சாரம் நேற்று வந்தது. நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கிய ஆண்டு 1932. அதன் பிறகுதான் கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் தாராளமாகக் கிடைத்தது. மின்சாரத்துக்கு நிறம் இல்லை. மணம் இல்லை. ஓசை இல்லை. இப்போது வரும் எல்.இ.டி. விளக்குகளில் சூடுகூட அதிகம் இல்லை. தொடும் வரை அது எதுவும் சொல்வது இல்லை. தொட்ட பிறகு, சொல்லிப் பயன் இல்லை!

சின்னப் பல்புதானே!

அலங்கார மின்விளக்கு பிறந்த கதையைக் கேளுங்கள். 1882ல் நியூயார்க் நகரில் எட்வர்டு ஜான்சன் என்பவர் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் 80 சின்ன மின்விளக்குகளைக் கட்டினார். அவர் விஞ்ஞானி எடிசனின் கூட்டாளி. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று நிறங்கள். மரம் சுழலச் சுழல விளக்குகள் மின்னின. பார்த்தவர்கள் அதிசயித்தார்கள். அதற்கு முன் மரத்தில் மெழுகுவர்த்தி கட்டுவார்கள், அடிக்கடி தீப்பிடிக்கும். மின்விளக்கு வந்து அந்த ஆபத்தைக் குறைத்தது. ஆனால், வேறோர் ஆபத்தை மறைவாகக் கொண்டு வந்தது.

"கடுகு போலப் பல்பு. இதில் என்ன பெரிய கரண்டு இருக்கப் போகிறது?" என்று பலர் கேட்கிறார்கள். இந்த நினைப்புத்தான் ஆளைக் கொல்கிறது.

சீரியல் விளக்கு என்பது பூச்சரம் மாதிரி. 6 வோல்ட் பல்புகள் சுமார் 40ஐ ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தால் 240 வோல்ட் தாங்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பல்பு ஒவ்வொன்றும் சின்னதுதான். ஆனால், சரத்துக்குள் நுழைவது முழு 230 வோல்ட்!

அந்தச் சரத்தில் ஒரு பல்பைக் குழந்தை பிடுங்கிவிட்டது என்று வையுங்கள். சரம் முழுவதும் அணைந்துவிடும். "கரண்டு போய்விட்டது" என்று நாம் நினைப்போம். போகவில்லை! பல்பு இருந்த அந்தச் சின்ன ஓட்டையில் முழு வேகத்தோடு காத்திருக்கிறது. அந்த ஓட்டை எவ்வளவு பெரிது? குழந்தையின் சுண்டு விரல் அளவு!

எல்.இ.டி. சரம் என்றால் பயம் இல்லையா? மலிவான சரங்களில் பல, நேராக 230 வோல்ட்டில் ஓடுகிறவைதான். நூல் மாதிரி வயர். மெல்லிய உறை. வெயிலில் காய்ந்து காய்ந்து உறை வெடித்துவிடும்.

இன்னொரு கணக்கு. ஒரு 15 வாட் பல்பு எரிய வேண்டுமானால் அதில் சுமார் 65 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். ஒரு ஆம்பியரில் பதினைந்தில் ஒரு பங்கு! ஆனால், அந்த மின்சாரம் மனிதனின் நெஞ்சு வழியே பாய்ந்தால் இதயம் நின்றுபோகலாம். அதைவிடக் குறைந்த மின்சாரமே கைத் தசையை இறுக்கிவிடும். பிடித்த கம்பியை விட வேண்டும் என்று மனம் நினைத்தாலும் கை விடாது.

விளக்கைத் தொடாமலே அடிக்கும்!

இதைவிடப் பெரிய மோசம் ஒன்று உண்டு. வருகிறவர்கள் விளக்கைத் தொட வேண்டும் என்பதே இல்லை. இரும்புக் கேட்டைத் தொட்டாலே போதும்!

நம் ஊரில் சீரியல் சரத்தை எங்கே கட்டுகிறோம்? இரும்புக் கேட்டில். ஜன்னல் கம்பியில். தகரக் கொட்டகையின் விளிம்பில். துணி காயப்போடும் கம்பியில். காற்று அடிக்கும்போது வயர் இரும்பில் உரசுகிறது. உறை தேய்கிறது. கேட் முழுவதும் மின்சாரம் ஏறுகிறது. வாங்க, வாங்க என்று நாம் அழைக்க, கேட்டைத் திறக்கிறார் விருந்தாளி!

வாழைமரத்திலும் சரத்தைச் சுற்றுகிறோம். வாழை மட்டை முழுவதும் நீர்தான். நீரும் மின்சாரமும் ஒன்று சேரலாமா? தோரணத்து மாவிலையைத் தண்ணீரில் நனைத்துக் கட்டுகிறோம். வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறோம். காரமடையிலோ தண்ணீர் சேவையும் நடக்கிறது. பக்தர்கள் வீதியில் நீர் தெளித்து வருகிறார்கள். நல்ல சேவைதான். ஆனால், ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கிறவர் உடலில் மின்சாரம் சுலபமாகப் பாயும். கோவிலுக்கு வருகிறவர்கள் செருப்பா போட்டிருப்பார்கள்?

உயிர் குடித்த விழாக்கள்

வீட்டு வாசலைத் தாண்டி, வீதியிலும் இதே கதிதான். 2022 ஏப்ரல் 27ந் தேதி தஞ்சை அருகே களிமேட்டில் அப்பர் சதய விழா நடந்தது. அலங்காரத் தேரின் உச்சி, மேலே போன உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. குழந்தைகள் உள்பட 11 பேர் மாண்டார்கள்.

2025 மார்ச்சில் கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா. வேலை செய்தவர்களின் இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டது. 4 பேர் இறந்தார்கள்.

இவர்களில் யாராவது கம்பியைத் தொட விரும்பினார்களா? இல்லை. தேரைத் தொட்டார்கள். ஏணியைத் தொட்டார்கள். "கம்பியைத் தொடாதே" என்று ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும் இவர்களைக் காப்பாற்றியிருக்க முடியாது. முன்கூட்டியே யோசித்துத் தூரத்தை உண்டாக்கியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். வாசல் விளக்குக்கும் இதே நியாயந்தான்.

போர்டு மாட்டினால் தீர்ந்ததா?

சிலர் கெட்டிக்காரர்கள். "தொடாதே, அபாயம்" என்று அட்டையில் எழுதி மாட்டிவிடுகிறார்கள். மூன்று வயதுக் குழந்தை அதைப் படிக்குமா? படிக்கத் தெரிந்த பையன் சும்மா இருப்பானா? "ஏன் தொடக் கூடாது?" என்று பார்ப்பதற்காகவே தொடுவான்!

வேறு சிலர், "என் வீடு, என் விளக்கு. தொட்டவன் அல்லவா பொறுப்பு?" என்கிறார்கள். கிணறு வெட்டியவர் சுற்றிலும் சுவர் எழுப்பாமல், "விழுந்தவன் பார்த்து நடந்திருக்க வேண்டும்" என்று சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளுமா?

ஓயாமல் "தொடாதே, தொடாதே" என்று அதட்டுவதும் அழகு அல்ல. ஒரம்பரை வீட்டுப் பிள்ளையைப் பத்துத் தடவை அதட்டினால், பெற்றவள் முகம் வாடாதா? விருந்துக்கு அழைத்துவிட்டு விரட்டுவதா? கை எட்டாத இடத்தில் விளக்கு இருந்தால் அதட்டலே தேவைப்படாது.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, உயரம். சரத்தின் அடி நுனி எட்டு அடிக்குக் கீழே வரக் கூடாது. அப்பாவின் தோளில் ஏறிய குழந்தைக்கும் எட்டாதபடி, திண்ணை, மாடிப்படி, கைப்பிடிச் சுவர் ஆகியவற்றில் இருந்து தள்ளிக் கட்டுங்கள்.

இரண்டாவது, இரும்பும் ஈரமும் ஆகாது. கேட், கிரில், தகரம், கொடிக்கம்பி, வாழைமரம் ஐந்தையும் விட்டுவிடுங்கள். உலர்ந்த மூங்கிலில் நைலான் கயிற்றால் கட்டுங்கள்.

மூன்றாவது, ஒட்டுப் போட்ட வயர் வேண்டாம். போன வருஷத்துச் சரத்தைப் பரணில் இருந்து எடுத்தால், முழ முழமாகப் பகலில் பாருங்கள். எலி கடித்திருந்தால் தூக்கி எறியுங்கள். உயிரைவிடச் சரம் விலை உயர்ந்தது அல்ல.

நான்காவது, புதிதாக வாங்குகிறவர்கள் 12 வோல்ட் அல்லது 24 வோல்ட்டில் ஓடும் சரத்தைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு அடாப்டர் உண்டு. அடாப்டரை வீட்டுக்குள் வையுங்கள். வெளியே போவது குறைந்த மின்சாரந்தான்.

ஐந்தாவது, மெயின் போர்டில் ஆர்.சி.டி. என்னும் உயிர்காக்கும் சுவிட்சைப் பொருத்துங்கள். போகிற மின்சாரத்தில் 30 மில்லி ஆம்பியர் திரும்பி வராமல் வேறு வழியில் கசிந்தாலும், கண் இமைக்கும் நேரத்தில் அது மின்சாரத்தை வெட்டிவிடும். ஆனால், போகும் கம்பியையும் வரும் கம்பியையும் ஒருவர் சேர்த்துப் பிடித்தால் அந்தச் சுவிட்சுக்குத் தெரியாது. ஆகவே, சுவிட்ச் இருக்கிறதே என்று உயரத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

வீதிக் கம்பியில் கொக்கி போடுவதை நினைக்கவே வேண்டாம். அது திருட்டு, சட்டப்படி குற்றம். அந்த மின்சாரம் உங்கள் வீட்டு மீட்டர் வழியாகவோ, உயிர்காக்கும் சுவிட்ச் வழியாகவோ வருவது இல்லை. கம்பி தாழ்ந்து தொங்கினால் மின்வாரியத்தின் மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால், பதறிப்போய் அவரைப் பிடித்து இழுக்காதீர்கள். நீங்களும் ஒட்டிக்கொள்வீர்கள். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த பலகையில் நின்றுகொண்டு உலர்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். உடனே 108க்குப் போன் செய்யுங்கள். எந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ள எல்லாருக்கும் விழாவுக்கு முன்பே காட்டிவையுங்கள்.

கைக்கும் ஒரு வேலை

கடைசியாக, தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்குக் கண் மட்டும் போதாது. கையால் தொட்டால்தான் அதற்குப் பார்த்த திருப்தி. நவராத்திரி கொலு வைக்கும் வீட்டில் இந்த ரகசியம் தெரியும். உடையக்கூடிய பொம்மை மேல் படியில். மரப்பாச்சி கீழ்ப் படியில். குழந்தை மரப்பாச்சியை எடுத்து விளையாடும். மேல் படி பிழைக்கும்.

விளக்குக்கும் அதையே செய்யுங்கள். மின்விளக்கு மேலே, கண்ணுக்கு. அகல் விளக்கு கீழே, கைக்கு. விருந்தாளி வீட்டுக் குழந்தையைக் கூப்பிட்டு, "வா கண்ணு, நீயே எண்ணெய் ஊற்று, நீயே திரி போடு" என்று சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து ஏற்றிக் கொடுங்கள். அதன் முகத்தில் தோன்றும் ஒளிக்கு எந்தச் சீரியல் விளக்கும் ஈடாகாது. "தொடாதே" என்று சொல்லி அனுப்பிய வீட்டைக் குழந்தை மறந்துவிடும். "வா, ஏற்று" என்று சொன்ன வீட்டை மறக்காது.

தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஊர் நிம்மதியாக மூச்சு விடுகிறது. அதேபோல, வந்த ஒரம்பரை எல்லாம் நலமாக ஊர் போய்ச் சேர்ந்தால்தான் அந்த வீட்டுத் திருவிழா முடிந்ததாக அர்த்தம். இந்த வருஷம் ஏணியை எடுக்கும் முன்பு, உங்கள் வாசலில் குழந்தை உயரத்துக்கு ஒரு முறை குனிந்து பாருங்கள். அங்கிருந்து என்னென்ன எட்டுகிறது என்று தெரியும்!