இல்லறம் இனிக்க: மறுப்பெல்லாம் வெறுப்பன்று

"எங்களுக்குள் பொருத்தம் இல்லை" என்று கூறும் தம்பதியர் பலர், அதன் பொருளை விளக்கக் கேட்டால் மௌனமாகிவிடுவர். வரவு செலவைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பங்குத் தந்தையிடம் தயங்காமல் பேசுவோர், தாம்பத்திய உறவில் எழும் மனத்தாங்கலை மட்டும் உள்ளத்தில் பூட்டி வைக்கின்றனர். பூட்டி வைத்தது நாளடைவில் சந்தேகமாய் முளைத்து, வெறுப்பாய் வளர்கிறது.

தாம்பத்திய உறவு பேசத் தகாத இழிபொருள் அன்று. கணவனும் மனைவியும் ஒன்றிக்கும் செயல்கள் மேன்மையும் மதிப்பும் உடையவை என்பதே, 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் வழியாக அளித்த போதனை.

அவ்வாறாயின், சில இல்லங்களில் இந்த ஒருமை குலைவது ஏன்? பொருத்தம் மணநாளன்றே முழுமையாய் வந்து சேர்ந்துவிடும் என்று எண்ணுவது முதல் தவறு. அது இருவரும் சிறிது சிறிதாகக் கற்றுக்கொள்வது. உடல்நிலை மாறும்போதெல்லாம் மீண்டும் கற்க வேண்டியது.

முதற் பிரசவத்திற்குப் பிந்திய மாதங்களை எண்ணிப் பாருங்கள். கருப்பை பழைய நிலைக்குத் திரும்பவே ஏறத்தாழ 6 வாரங்கள் ஆகும். தாய்ப்பால் ஊட்டும் காலத்தில் 'ஈஸ்ட்ரோஜன்' என்னும் சுரப்பு குறைவதால், உறுப்பில் வறட்சியும் உறவில் வலியும் உண்டாகலாம். இரவெல்லாம் குழந்தைக்காகக் கண்விழித்த களைப்பு வேறு. அந்நிலையில் மனைவி விலகினால், "இவளுக்கு என்மீது அன்பு குறைந்துவிட்டது" என்று கணவன் முடிவு கட்டுவது எத்துணை அநீதி!

நடுவயதில் இதே அநீதி மறுபுறமும் நேர்வதுண்டு. நீரிழிவு நோய் நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் தாக்கி ஆணின் ஆற்றலைக் குறைக்கக்கூடும். இரத்த அழுத்தத்திற்கும் மனச்சோர்விற்கும் தரப்படும் மருந்துகளுள் சிலவும் அவ்வாறே செய்யும். கணவன் நாணத்தால் ஒதுங்குகிறான். மனைவியோ, தன்மீது கசப்போ வேறொருத்தியின்மீது நாட்டமோ என்று கலங்குகிறாள். மருத்துவரிடம் ஒருமுறை மனந்திறந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் துயரம் இது. ஆயினும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துதல் ஆகாது.

உடல் மட்டுமே காரணமன்று. உறவே அழுக்கு என்று பிள்ளைப் பருவத்தில் ஊட்டப்பட்ட அச்சம், தனிமைக்கு இடமற்ற சிறு வீடு, கடன் கவலை, குடிப்பழக்கம் ஆகியனவும் தடையாகும். பகலெல்லாம் கடுஞ்சொல் கேட்ட மனைவியின் உள்ளம் இரவில் மட்டும் மலருமா?

"மனைவியின் கடமை" என்று புனித சின்னப்பரைத் துணைக்கு அழைக்கும் கணவர்களும் உண்டு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 7-ஆம் அதிகாரத்தை அவர்கள் முழுவதும் படிக்கட்டும். மனைவியின் உடல்மீது கணவனுக்குள்ள உரிமையைச் சொன்ன அதே மூச்சில், கணவனின் உடல்மீது மனைவிக்குள்ள உரிமையையும் அவர் சொல்கிறார். மேலும், துணையின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் பொருட்படுத்தாமல் திணிக்கப்படும் உறவு மெய்யான அன்புச் செயலன்று என்று பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1968-இல் 'ஹுமானே வீத்தே' சுற்றுமடலில் தெளிவுபடுத்தினார். வன்முறையைச் சகிப்பது புண்ணியமும் ஆகாது. அத்தகைய நிலையில் உதவி நாடுவதே முறை.

ஆகவே, தம்பதியரே, பேசுங்கள். மறுத்த இரவிலேயே வாதாடாமல், மனம் அமைந்திருக்கும் வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். "ஏன் மறுத்தாய்?" என்பதைவிட, "உனக்கு வலிக்கிறதா? களைப்பா?" என்று கேட்பது கதவைத் திறக்கும். மறுக்க நேர்ந்தவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், காரணத்தைக் கனிவோடு சொல்லட்டும். எதையும் எதிர்பாராத ஓர் அணைப்பும் ஆறுதல் மொழியும் அக்காலத்தைக் கடத்தும் துணையாகும். வலியோ இயலாமையோ தொடர்ந்தால், இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்லுங்கள்.

இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் பிரமாணிக்கமாய் இருப்பதாகப் பீடத்தின்முன் வாக்களித்தீர்கள். அந்த வாக்குறுதி படுக்கையறைக்கும் உரியதே.