அறையை மூடிவிட்டுக் கைப்பேசியா?

ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்கும் அறையைக் காலி செய்துவிடலாம், வாடகை மிச்சமாகும், பாடத்தைக் கைப்பேசியிலேயே நடத்திக்கொள்ளலாம் என்று நம்மவர்களில் சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். 2020இல் நடத்திக் காட்டினோமே என்பது அவர்கள் வாதம். நடத்தினோம், உண்மை. எப்படி நடத்தினோம் என்பதை அதற்குள் மறந்துவிட்டார்கள்.

முதல் மாதம் ஆசிரியை ஒரு மணி நேரம் இடைவிடாமல் பேசினார். எதிரே வெறும் கறுப்புக் கட்டங்கள். பிள்ளை கேட்கிறதா, தூங்குகிறதா, யார் கண்டது? தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. ஊரடங்கு தளர்ந்ததும் அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டது. 2017-18ஆம் ஆண்டின் தேசியப் புள்ளியியல் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் இணைய வசதி இருந்த குடும்பங்கள் நூற்றுக்கு 24கூட இல்லை. அந்த நாட்டில்தான் 2020 மே மாதம் 'ஒரு வகுப்புக்கு ஒரு சேனல்' என்று டில்லி அறிவித்தது. தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி அதற்கு முன்பே, 2019இலேயே வந்துவிட்டது; அதில் நமக்குப் பெருமைதான். ஆனால் எந்தத் தொலைக்காட்சிக்கும் காது கிடையாது. பிள்ளை 'மழை'யை 'மளை' என்று படித்தால் அது திருத்துமா?

பிறகுதான் முறையை மாற்றினோம். ஐந்து நிமிடப் பாடம், குரல் பதிவாக. இரவு அப்பா வீடு திரும்பியதும் பிள்ளை அதைக் கேட்கும், நோட்டில் எழுதும், தானே படித்துப் பதிவு செய்து அனுப்பும். மறுநாள் ஆசிரியை பெயர் சொல்லிப் பதில் தருவார்: "நாக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே வளைச்சுச் சொல்லு, கண்ணு." அந்தப் பதில் ஒரு நாள் தவறினால், அடுத்த நாள் பாதிப் பிள்ளைகளிடமிருந்து பதிவே வராது. பாடம் அனுப்ப ஐந்து நிமிடம். வந்ததைக் கேட்டுத் திருத்த இரண்டு மணி நேரம். பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் ஓர் ஆசிரியையால் தாங்க முடியவில்லை. நூறு பேரைச் சேர்த்து ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்கட்டும்.

இவ்வளவு பாடுபட்டும், புதிதாக எழுத்துப் பழகிய சின்னஞ்சிறுசுகள் தேறவில்லை. 'அ'வின் சுழியை எங்கே தொடங்குவது என்று விரலைப் பிடித்துத்தான் காட்ட வேண்டியிருந்தது. பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் எழுதும் பிள்ளைக்குத் தமிழில் கை பழகும் இடம் அந்த ஓர் அறைதான்.

வார நாட்களில் குரல் பதிவு தொடரட்டும். ஞாயிறு அறையும் இருக்கட்டும். அங்கே இணைய இணைப்பும் இரண்டு பழைய கைப்பேசிகளும் வைத்தால், வீட்டில் வசதியில்லாத பிள்ளை வந்து பாடம் கேட்கும். பணம் போதாதென்றால் ஆண்டு விழாப் பந்தலைச் சிறிதாக்குங்கள். பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவருகிறோம். உறுப்பினர்கள் தவறாமல் வந்து வாக்களியுங்கள்.