க்ரூஸ் டின்னருக்குக் கோட் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் நில்லுங்க!

குடும்பத்தோட க்ரூஸ் போக எவ்வளவு ஆகும்னு நம்ம சேனல்ல பேசினப்போ, துணிமணிச் செலவைத் தனியா எழுதறேன்னு சொல்லியிருந்தேன். "துணிக்கு ஒரு கட்டுரையா?"ன்னு சிரிக்காதீங்க. நம்ம ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் ஒரு நடுத்தரக் குடும்பம் க்ரூஸ் டிக்கெட் போட்டா, அடுத்து யோசிக்காம காசு போற இடம் ஜவுளிக்கடைதான். காரணம் ஒரே ஒரு பயம். ராத்திரி டின்னருக்கு என்ன போட்டுட்டுப் போறது?

இந்தப் பயத்துல பாதி சினிமா கொடுத்தது. டைட்டானிக் படத்துல ஜாக் ஒரு ராத்திரி சாப்பாட்டுக்காக இரவல் கோட் போட்டுட்டு முதல் வகுப்பு மேஜைக்குப் போவார், ஞாபகம் இருக்கா? கப்பல் டின்னர்னா அதுதான் நம்ம மனசுல பதிஞ்ச படம். கருப்புக் கோட்டு, கழுத்துல போ டை, மேஜையில ஏழெட்டு ஸ்பூன். நாம கைலியோட கடற்கரையில நடந்து பழகினவங்க. அங்க போய் எப்படி உட்கார்றதுன்னு ஒரு கூச்சம் வரத்தான் செய்யும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். குடும்பங்களுக்காக ஓடுற பெரும்பாலான கப்பல்கள் அந்தக் கோட்டை எப்பவோ கழட்டி மாட்டிட்டாங்க. கப்பல்காரன் கேட்காத கோட்டுக்கு நாம இன்னும் காசு கட்டிட்டு இருக்கோம்.

நார்வீஜியன் க்ரூஸ் லைன் 2000-லயே "ஃப்ரீஸ்டைல்"னு ஒரு முறையைக் கொண்டு வந்தாங்க. குறிச்ச நேரம், குறிச்ச மேஜை, கட்டாயக் கோட் எல்லாத்தையும் தளர்த்தி, பிடிச்ச நேரத்துல பிடிச்ச இடத்துல சாப்பிடுங்கன்னு விட்டுட்டாங்க. அலங்காரம் பண்ணிக்கற ராத்திரின்னு ஒண்ணு வச்சாலும் அது உங்க இஷ்டம். டிஸ்னி கப்பல்ல பிரதான டைனிங் ஹாலுக்கு "க்ரூஸ் கேஷுவல்" போதும். நீச்சல் உடையும் கையில்லாத பனியனும் மட்டும் கூடாது. கார்னிவல்ல "எலிகன்ட் நைட்"னு பேரு பெருசா இருக்கும். ஆனா ஆம்பளைங்களுக்கு ஒரு நல்ல பேன்ட், காலர் வச்ச சட்டை இருந்தா வேலை முடிஞ்சது. ராயல் கரீபியன்ல ஃபார்மல் ராத்திரி இன்னும் இருக்கு. அன்னைக்கும் பஃபே ஹால் திறந்துதான் இருக்கும், சாதாரண உடையிலயே போய்ச் சாப்பிடலாம்.

விதிவிலக்கு இல்லாம இல்லை. குனார்டு கம்பெனியோட குயின் மேரி 2 மாதிரிக் கப்பல்கள்ல "காலா" ராத்திரின்னா இன்னமும் கொஞ்சம் விறைப்புதான். ஆனா அங்கேயும் அவங்கவங்க நாட்டுப் பாரம்பரிய உடை செல்லும். அதாவது உங்க பீரோவுல அந்துருண்டை வாசனையோட மடிச்சு வச்சிருக்கற கல்யாணப் பட்டு, உலகத்துலயே கறாரான டின்னர் ஹாலுக்கும் போதும். இதை எந்த ட்ராவல் ஏஜென்ட்டும் நமக்குச் சொல்றதில்லை.

சரி, நாம என்ன பண்றோம்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, ரெண்டு பிள்ளைங்க. 3 ராத்திரி பயணம், அதுல 2 ராத்திரி "நல்லா டிரஸ் பண்ணணும்"னு முடிவு. அவருக்கு பிளேசர் 5,000, ஷூ 2,500. அவங்களுக்கு டிசைனர் சேலை, பிளவுஸ் தையலோட 6,000. பையனுக்குக் குட்டிக் கோட் செட் 2,500. பொண்ணுக்கு ஃப்ராக் 2,500. இதெல்லாம் பழைய பெட்டியில அடங்காதே, அதனால ஒரு புது ட்ராலி 3,500. மொத்தம் 22,000 ரூபாய். என் விலையெல்லாம் உத்தேசம்தான், உங்க கடை விலையைப் போட்டுப் பாருங்க. 2 டின்னருக்கு வகுத்தா ஒரு டின்னருக்கு 11,000. ஒரு ஆளுக்கு, ஒரு வேளைக்கு 2,750. சாப்பாடு டிக்கெட்லயே அடக்கம், துணிதான் அடக்கமில்லை!

அந்தப் பையனோட கோட் அடுத்த தீபாவளிக்குக் கைமுட்டிக்கு மேல ஏறிடும். பிளேசர் நம்ம ஊர் வெயில்ல கவர் போட்டுத் தொங்கும், அடுத்து யாராவது சொந்தக்காரங்க வீட்டு ரிசப்ஷன் வர்ற வரைக்கும். "இந்த 22,000-த்தை எஸ்ஐபில போட்டிருந்தா 20 வருஷத்துல..."ன்னு நான் ஆரம்பிப்பேன்னு எதிர்பார்ப்பீங்க. இல்லை, அந்தக் கணக்கு வேணாம். இன்னும் கிட்டக்க ஒரு கணக்கு இருக்கு. இதே காசு இருந்தா உங்க அம்மா அப்பாவோட டிக்கெட்டுக்கு ஒரு நல்ல பங்கு கைக்கு வந்துடும். நான் கேட்கற பல வீடுகள்ல "பட்ஜெட் இடிக்குது, அடுத்த தடவை கூட்டிட்டுப் போலாம்"னு தள்ளிப்போடறது இவங்க ரெண்டு பேரைத்தான்.

கப்பல் சாப்பாட்டு மேஜையைப் பார்த்துக் கூச்சப்படறது புது விஷயமும் இல்லை, படிக்காதவங்க விஷயமும் இல்லை. 1888 செப்டம்பர்ல பம்பாய்ல இருந்து லண்டனுக்குக் கப்பல் ஏறினார் ஒரு இளைஞர். முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எது சைவம்னு கேட்கவும் தைரியம் இல்லை. அதனால மேஜைக்கே போகாம, கொண்டு போன பலகாரத்தையும் பழத்தையும் கேபின்ல வச்சே சாப்பிட்டார். கப்பல்ல கருப்பு சூட். இறங்கும்போது போட்டுக்கணும்னு வெள்ளை ஃபிளானல் உடுப்பைப் பத்திரமா எடுத்து வச்சிருந்தார். இறங்கிப் பார்த்தா, அந்தச் செப்டம்பர் கடைசிக் குளிர்ல வெள்ளை போட்டிருந்த ஒரே ஆள் இவர்தான். அப்புறம் லண்டன்ல பாண்ட் ஸ்ட்ரீட் கடையில 10 பவுண்டுக்கு ஒரு ஈவினிங் சூட் தைச்சார். அந்தக் காசு வீணாப் போச்சுன்னு பின்னாடி சுயசரிதையில அவரே எழுதினார். ஆமா, காந்திதான். சீக்கிரமே அந்த மோகத்தை விட்டுட்டு, பைசா விடாம தினச் செலவைக் கணக்கு எழுத ஆரம்பிச்சுட்டார். பர்சனல் ஃபைனான்ஸ்ல அவரை விடப் பெரிய ஆள் நமக்கு யாரு இருக்கா?

"அப்போ டிரஸ் கோடே வேணாம்னு சொல்றீங்களா?"ன்னு கேட்டா, அதுவும் இல்லை. நம்ம ஊர் ஆளுங்களுக்கு டிரஸ் கோட் தெரியாத விஷயமா என்ன? ராமேஸ்வரம் கோயில்ல 22 தீர்த்தமும் ஆடிட்டு ஈரத்துணியோட சந்நிதிக்குப் போக முடியாது. எல்லாரும் பையில ஒரு உலர்ந்த செட் வச்சிருப்போம், மாத்திட்டுப் போவோம். ஏர்வாடி தர்காவுக்குப் போனா தலையில ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கறோம். இந்தக் கட்டுப்பாடு எதுவும் நம்ம பர்ஸைத் தொடறதில்லை. மரியாதையை மட்டும் கேட்குது, கொடுத்துட்டுப் போறோம். "இந்த விலைக்கு மேல துணி இருந்தாதான் உள்ள வரலாம்"னு மறைமுகமா சொல்ற கட்டுப்பாடு வேற ஜாதி. குடும்பக் கப்பல்கள் தளர்த்தினது இந்த ரெண்டாவதைத்தான். முதலாவது அப்படியே இருக்கு, இருக்கவும் வேணும். நீச்சல் குளத்துல இருந்து சொட்டச் சொட்ட எழுந்து வந்து பக்கத்து மேஜையில ஒருத்தர் உட்கார்ந்தா உங்களுக்கே பிடிக்காது. நைட்டியோட டைனிங் ஹாலுக்கு வர்றதும் அப்படித்தான். (காலை பஃபேக்கு நைட்டி மேல துப்பட்டா போட்டுட்டு வந்துடலாம்னு நினைக்கற அக்காமார்களே, உங்களைத்தான் சொல்றேன்!)

வேட்டி விஷயத்துக்கு வருவோம், ஏன்னா அப்பாக்கள் தயங்கறது அங்கதான். 2014 ஜூலைல சென்னையில ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை, வேட்டி கட்டியிருந்தார்னு தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்புக்குள்ள விடலை. பெரிய சர்ச்சையாச்சு. அடுத்த மாசமே சட்டசபையில சட்டம் வந்தது. வேட்டி கட்டினதுக்காக மட்டும் கிளப் மாதிரி இடங்கள்ல அனுமதி மறுத்தா 25,000 ரூபாய் அபராதம், ஒரு வருஷம் வரைக்கும் சிறை. யோசிச்சுப் பாருங்க. ஒரு நீதிபதிக்கே வாசல்ல அந்த நிலைமைன்னா, பரமக்குடியில தறி ஓட்டி ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் "நமக்கெல்லாம் அந்தக் கப்பல் எதுக்குப்பா"ன்னு சொல்றதுல என்ன ஆச்சரியம்? அவருக்கு இங்கிலீஷ் டிரஸ் மேல ஆசை இல்லாம இல்லை. பேரப்பிள்ளைங்க முன்னாடி யாராவது திருப்பி அனுப்பிடுவாங்களோன்னுதான் பயம். 22,000 ரூபாய் ஜவுளிக்கும் பின்னாடி இருக்கறது இதே பயம்தான்.

நம்ம கடற்கரைக்குக் கப்பல் பயணம் புதுசும் இல்லை. தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் 1914-ல ஆரம்பிச்சு 1964 புயல் வரைக்கும் ஓடிச்சு. அப்புறம் ராமேஸ்வரத்துல இருந்து 1980-கள் தொடக்கம் வரைக்கும். உங்க தாத்தா பாட்டிகள்ல யாராவது அதுல போயிருப்பாங்க, கேட்டுப் பாருங்க. ட்ரங்குப் பெட்டி, சாப்பாட்டு மூட்டையோட போயிருப்பாங்க. கோட்டுக்கு அளவு கொடுத்த கதையா சொல்லப் போறாங்க?

இப்போ பெரிய கப்பல் ராமேஸ்வரத்துக்கு வர முடியாது, இங்க கடல் ஆழம் பத்தாது. ரயில் ஏறிச் சென்னைக்குத்தான் போகணும். கார்டீலியாவோட எம்ப்ரஸ் கப்பலை 2022 ஜூன்ல முதல்வர் ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்துல தொடங்கி வச்சார். சைவம், ஜெயின் சாப்பாடு வரைக்கும் யோசிச்சு இந்தியக் குடும்பங்களுக்காகவே ஓடுற கப்பல். சிலர் திருச்சியில இருந்து விமானம் ஏறி சிங்கப்பூர் போய் அங்க இருந்து க்ரூஸ் எடுக்கறாங்க. எதுவா இருந்தாலும் புக் பண்றதுக்கு முன்னாடி ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்ல மூணே கேள்வி அனுப்புங்க. டிக்கெட்ல அடங்கின டின்னர் ஹாலுக்கு என்ன உடை? ஃபார்மல் ராத்திரி இருந்தா அன்னைக்கு பஃபே திறந்திருக்குமா? வேட்டி, சேலை, சுடிதார் ஓகேவா? பதிலை எழுத்துல வாங்குங்க. போன்ல "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்ல சார்"னு சொல்றதை நம்பிக் கிளம்பாதீங்க.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். கப்பல்காரன் தளர்த்தினதை நாம ரீல்ஸ் வழியா திரும்ப இறுக்கிட்டோம். முதல் ராத்திரி ஒரே கலர்ல குடும்பம், ரெண்டாவது ராத்திரி வெள்ளை தீம், டெக்ல கவுன் பறக்கற போட்டோ. பேக்கிங் வீடியோக்கள்ல டின்னருக்கு டின்னர் ஒரு காஸ்ட்யூம் காட்டறாங்க. அந்தத் துணியில பாதி விளம்பரத்துக்கு வந்ததா இருக்கும், உங்களுது ஜிபேல போனது. கப்பல்லயே போட்டோகிராஃபர் இருப்பார். பளபளன்னு டிரஸ் பண்ற ராத்திரியிலதான் அவருக்கு வியாபாரம். பிரின்ட் விலையைக் கேட்டுட்டு அப்புறமா போஸ் கொடுங்க.

ஆசைக்கு ஒரு தடவை கோட் போட்டுக்கணும்னா தாராளமா போடுங்க, நான் குறுக்க நிக்கலை. வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் போறோம், ஜோடியா நல்லா உடுத்திக்கணும்னு நினைக்கறது தப்பே இல்லை. கல்யாண ரிசப்ஷன் கோட் பீரோவுல இருந்தா அதைக் கொஞ்சம் பிரிச்சுத் தைக்கச் சொல்லுங்க. மதுரையில வாடகைக்கே கிடைக்கும். ஏழு வயசுப் பையனுக்கு மட்டும் வேணாம். ராத்திரி எட்டரை மணிக்கு, தூக்கக் கலக்கத்துல, கழுத்துல டையோட ஒரு குழந்தை அழறதைப் பார்க்க யாருக்கும் நல்லா இருக்காது.

பெட்டியில என்ன வைக்கலாம்? ஆம்பளைங்களுக்கு ஏற்கனவே இருக்கற பேன்ட் ஒண்ணு, காலர் சட்டை ரெண்டு, கால் மூடின செருப்போ ஷூவோ ஒண்ணு. அப்பாவுக்குப் பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை. அம்மாவுக்கு எமனேஸ்வரம் கைத்தறிச் சேலை ரெண்டு இருந்தா அவங்கதான் அந்த ஹால்லயே அழகு. பிள்ளைங்களுக்குப் போன பொங்கல் டிரஸ். எல்லாருக்கும் ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ கண்டிப்பா வைங்க. டைனிங் ஹால் ஏசி குளிரும், பெரியவங்களுக்குத் தாங்காது. இதுல புதுசா வாங்க வேண்டியது அநேகமா எதுவும் இல்லை.

மிச்சமாகற காசுக்கு வேலை கப்பல்லயே காத்திருக்கு. பல கப்பல்கள்ல டிப்ஸ் உங்களைக் கேட்காமலே பில்லுல ஏறும். ராயல் கரீபியன் மாதிரிக் கம்பெனியில ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலருக்கு மேல. நாலு பேருக்கு 3 ராத்திரின்னா நீங்களே பெருக்கிக்கோங்க. வைஃபை, கூல்டிரிங்க்ஸ், கரையில இறங்கிச் சுத்தற டூர் எல்லாம் பெரும்பாலும் தனிக் காசு. வெளிநாட்டு பேக்கேஜ்னா டிசிஎஸ் பிடிப்பாங்க, அதை ஐடிஆர்ல கணக்கு காட்டி எடுத்துக்கலாம். அந்தக் கணக்கை அடுத்த வீடியோல போர்டுல போட்டே காட்டறேன். அதுக்குள்ள உங்க அப்பா அம்மா பாஸ்போர்ட் எந்த வருஷம் வரைக்கும் இருக்குன்னு எடுத்துப் பார்த்து வைங்க.