மிதப்பைப் பார்க்கப் பழக்குங்கள்



"தூண்டில் போடுறது வேலையில்லாதவன் வேலை" என்று நானும் வகுப்பில் சொன்னவன்தான். இன்று அதை வாபஸ் வாங்குகிறேன்.

தரம் 8இல் ஒரு மாணவன். பாடவேளையில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்காரமாட்டான். போன கிழமை அஸருக்குப் பிறகு வாவிக்கரையால் வரும்போது அவனைக் கண்டேன். ஏசுவோம் என்று பக்கத்தில் போனால், "சேர், சத்தம் போடாதீங்க, கொத்துது" என்றான். ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்தான். நானும் இருந்தேன்.

ஆனால் அவனைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. தனியாக வந்திருந்தான். வழுக்கும் கல்லில் நின்றான். மீன் கொத்தியதும் தலைக்கு மேலால் சுண்டினான். முள் என் முகத்துக்குக் கிட்டவாகப் பறந்தது. ஏன் இப்படி? வீட்டில் "போகாதே" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லவில்லை. தடுத்தால் புள்ளைகள் ஒளித்துப் போவார்கள். அதைவிட வாப்பாமார் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்குவது நல்லது என்பதே என் கருத்து.

பெரிய செலவில்லை. ஒரு மூங்கில் கம்பு, தங்கூசி, சின்ன முள், சிறிய ஈயம். மிதப்புக்கு மயிலிறகுத் தண்டோ பழைய செருப்புத் துண்டோ போதும். திலாப்பியாவுக்கு வாய் சிறியது, பெரிய முள் சரிவராது. இரைக்கு மண்புழுத் துண்டு அல்லது பிசைந்த கோதுமை மா.

முதலில் ஆழம் பாருங்கள். முள்ளில் பாரமான ஈயம் ஒன்றைக் கொழுவி இறக்குங்கள். மிதப்புத் தண்ணீருக்குள் போனால் முள்ளுக்கும் மிதப்புக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டுங்கள். மிதப்புப் படுத்தால் குறையுங்கள். பிறகு பார ஈயத்தைக் கழற்றி, மிதப்பின் நுனி மட்டும் வெளியே தெரியும் அளவுக்குச் சிறிய ஈயம் போடுங்கள். மிதப்பு அதிகம் வெளியே நின்றால் மீனுக்குப் பாரம் தெரியும், இரையைத் துப்பிவிடும்.

மிதப்புத் துள்ளினால் அவசரப்பட வேண்டாம், மீன் ருசி பார்க்கிறது. அது ஒரு பக்கம் இழுபட்டாலோ உள்ளே போனாலோ மணிக்கட்டால் மெதுவாகத் தூக்கினால் போதும். இந்தப் பொறுமையைத்தான் நான் சோக்கட்டியோடு பத்து வருடமாகப் படிப்பிக்கப் பார்க்கிறேன்!

மூன்று விசயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, பெரியவர் இல்லாமல் போகக் கூடாது. எங்கட வாவியிலும் குளங்களிலும் முதலை இருக்கிறது, மாரியில் தண்ணீரும் ஏறும். இரண்டு, அறுந்த தங்கூசியைக் கரையில் போடாதீர்கள். அது வருடக்கணக்கில் உக்காது, கொக்கின் காலில் சுற்றும். முள் புள்ளைகளின் காலில் ஏறும். மூன்று, குஞ்சு மீனைக் கையை நனைத்துப் பிடித்துத் திரும்ப விடுங்கள். தேவைக்கு மேல் பிடித்து வீசுவது வீண்விரயம்.

மஃரிபுக்கு முன் வீட்டுக்கு வந்துவிடலாம். கையில் நாலு மீன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஒரு மணித்தியாலம் வாப்பாவும் மகனும் போனைப் பார்க்காமல் ஒரே மிதப்பைப் பார்த்திருப்பார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் உங்கட புள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்க. என்ன நடந்தது என்று கீழே எழுதுங்க.