பசும்புல்லும் உர மூட்டையும்

பால் பெருக வேண்டுமாயின் புல் பெருக வேண்டும். புல் பெருக வேண்டுமாயின் யூரியா பெருக வேண்டும் என்பது நம் அங்கத்தினர் பலருடைய எண்ணம். தீவனக் கடன் மனுக்களைப் பார்வையிடுங்கால், உர மூட்டைக்கான தொகையே அவற்றில் முதலிடம் பெறுவதைக் காண்கிறோம். இவ்வெண்ணத்தில் பாதி உண்மை, மறுபாதி நஷ்டம்.

உண்மையான பாதியை முதலில் சொல்வோம். பசுவின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே புல்லைச் செரிக்கச் செய்கின்றன. தீவனத்தில் புரதம் ஏறத்தாழ 7 விழுக்காட்டிற்குக் குறைந்தால் அவை சோர்ந்துவிடும். தின்ற நாரும் சரிவரச் செரியாது. நெல் வைக்கோலில் உள்ள புரதமோ 4 விழுக்காட்டளவே. தழைச்சத்துப் பெற்ற புல்லில் விளைச்சலும் புரதமும் ஒருங்கே உயர்கின்றன. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை ஆண்டு முழுதும் அறுத்தெடுக்கும் நிலம் உரமின்றி ஈடுகொடாது.

இனி மறுபாதியைப் பார்ப்போம். செரிமானத்தின்போது உண்டாகும் ஹைட்ரஜனை வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் மீத்தேன் வாயுவாக மாற்றுகிறது. பசு அதனை ஏப்பமாக வெளிவிடுகிறது. தீவனத்தின் மொத்தச் சக்தியில் சராசரியாக 6 விழுக்காட்டிற்கு மேல் இவ்வாறு போய்விடுகிறது. நூறு கட்டுப் புல் போட்டால் ஆறு கட்டு காற்றோடு போயிற்று என்று கொள்ளலாம். அன்றியும், நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல் சுமார் 27 மடங்கு புவியைச் சூடேற்ற வல்லது.

உரம் இவ்விழப்பைத் தடுக்குமா? உரத்தால் மட்டும் தடுக்க இயலாது. தழைச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் நடத்திய ஆய்வுகள் ஒரே விடையைத் தரவில்லை. புல்லின் பருவமே பெரிதும் முக்கியமானது. இளம்புல் எளிதில் செரிக்கும், பாலும் கூடும், ஆகவே ஒரு லிட்டர் பாலுக்கு வெளியாகும் மீத்தேன் குறையும். முற்றிய தண்டிலோ நார் மிகும், பால் குறையும், ஏப்பம் குறையாது. கோ 4 ஒட்டுப்புல்லின் முதல் அறுப்பு நட்ட 75 முதல் 80 நாளில். பின்னர் 45 நாளுக்கு ஒருமுறை. கட்டு கனக்கட்டும் என்று மேலும் ஒரு மாதம் விட்டு வைப்பவர், உரத்திற்கு இட்ட பணத்தைத் தண்டிலே போக்கடிக்கிறார்.

அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்து வேறு தீங்கும் செய்யும். வறட்சியில் வாடிய சோளத்தட்டில் நைட்ரேட் தேங்கி மாட்டுக்கு நஞ்சாகலாம். வேண்டாத புரதம் மூத்திரமாகக் கழியும். மண்ணில் இட்ட தழைச்சத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாக மாறுகிறது. அதன் வெப்ப வலிமை கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு. மாட்டின் வாயில் மிச்சப்படுத்தியதை மண்ணில் இழப்பது என்ன சிக்கனம்?

காங்கேயம் வட்டாரத்துக் கொறங்காட்டிற்கு யூரியா தூவலாமா என்று கேட்போரும் உளர். வேண்டா என்பதே நம் கருத்து. அங்கே கொழுக்கட்டைப் புல்லோடு நரிப்பயறு போன்ற பயறு இனங்களும் தாமே வளர்கின்றன. மேயும் மாடுகளே எருவும் இடுகின்றன. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் 1856 முதல் இன்றுவரை ஒரு புல்வெளி ஆய்வு நடைபெற்று வருகிறது. ஆண்டுதோறும் தழைச்சத்து உரம் பெற்ற பாத்திகளில் செடி வகைகள் பெரிதும் குறைந்தன. பயறு இனங்களைப் புல் நெருக்கித் தள்ளிற்று. இலவசமாய்த் தழைச்சத்துத் தரும் செடியை விலை கொடுத்து விரட்டுவது தகாது.

ஆகவே, சங்கங்கள் தீவனக் கடனின் முறையை மாற்றவேண்டும் என்பது நம் துணிபு. மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தே உரத்தின் அளவை நிர்ணயிக்க வேண்டும். மூன்று வரிசை ஒட்டுப்புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் விதைக்க விதையும் கடனாகத் தரவேண்டும். அறுப்பு நாட்களைச் சங்கப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். யூரியாவின் பச்சை ஒரே வாரத்தில் தெரிகிறது. வேலிமசாலோ தாமதிக்கிறது என்று சிலர் குறை கூறலாம். கடனைத் தீர்ப்பது இலையின் நிறமன்று, கறந்த பாலே. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை விவாதித்துத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு வேண்டுகிறோம்.