எந்த வருசத்துக் கணக்கு?

போன மாதம் எங்கள் குழுக் கூட்டத்தில் நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். "வளரும் நாடுகள்ல இயற்கை வேளாண்மையில 80 சதவீதம் கூடுதலா விளையும்னு அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரங்களே கணக்குப் போட்டிருக்காங்க" என்றேன். மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி எழுந்து, "ஐயா, அது எந்த வருசத்துக் கணக்கு?" என்றார்.

2007. அதற்குப் பின் வந்த எதையும் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் ஆய்வுத் தொகுப்புகள் பிறகும் வந்திருக்கின்றன. 2012-இல் வந்த ஒன்று, இயற்கை வேளாண் மகசூல் சராசரியாக 25 சதவீதம் குறைவு என்றது. 115 ஆய்வுகளைச் சேர்த்த 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பு, குறைவு 19 சதவீதம்தான் என்றது. இயற்கை வயலில் மட்டும் கலப்புப் பயிரோ பயிர்ச் சுழற்சியோ செய்திருந்தால் அது 8, 9 சதவீதமாகச் சுருங்கும் என்றும் சொன்னது. புது ஆய்வுகள் சேர்ந்தன, கணக்குப் போடும் முறையும் மாறியது. என் 80 சதவீதத்தை நம்பி அந்தத் தம்பி கடன் வாங்கியிருந்தால்?

மருத்துவத் துறை இந்தச் சிக்கலை முன்பே கண்டுகொண்டது. 100 மருத்துவத் தொகுப்புகளைச் சோதித்ததில், 7 தொகுப்புகள் வெளியான அன்றே திருத்தத் தேவையோடு இருந்தன. இரண்டே ஆண்டில் அது 23 ஆனது.

புதுப்பிக்க மூன்று வழி வைத்திருக்கிறார்கள். வங்கியில் இருந்தவனுக்கு மூன்றும் பழகியவைதான். ஒன்று, ஆண்டுக் கணக்கு முடிப்பதுபோலக் கெடு வைத்துப் புதுப்பிப்பது. இரண்டு, எங்கே சந்தேகமோ அங்கே மட்டும் ஆய்வுக்குப் போவது. மூன்று, அன்றாடத் தணிக்கை: புது ஆய்வு வந்ததா என்று இடைவிடாமல் தேடி, வந்ததை உடனே சேர்ப்பது. இதை 'உயிருள்ள தொகுப்பு' என்கிறார்கள். காக்ரேன் அமைப்பு முதலில் இரண்டு ஆண்டுக் கெடு வைத்திருந்தது. பிறகு தேவை பார்த்துப் புதுப்பிக்க மாறியது. எல்லாவற்றையும் ஓயாமல் புதுப்பிக்க ஆளும் பணமும் எங்கே?

நமக்கும் ஒரே வழி எல்லாவற்றுக்கும் ஒத்துவராது என்பது என் கருத்து. மண் வளம் மெதுவாக மாறுவது. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டட் பண்ணையின் கோதுமை வயல் ஆய்வு 1843 முதல் நடக்கிறது. சுவிட்சர்லாந்தில் இயற்கை முறையையும் ரசாயன முறையையும் ஒப்பிடும் ஆய்வு 1978 முதல். அங்கே மாதாமாதம் திருத்த என்ன இருக்கு? சில ஆண்டுக்கு ஒருமுறை போதும். மக்காச்சோளப் படைப்புழு அப்படியில்லை. 2018-இல்தான் இந்தியாவுக்குள் வந்தது. எந்தக் கரைசல் கேட்கும், எந்த ஒட்டுண்ணி பிடிக்கும் என்பதற்கு உயிருள்ள தொகுப்புதான் வேண்டும். மகசூல் கணக்குக்கு நடுவழி போதும்: பெரிய ஆய்வு வந்தால் திறந்து பார்க்கணும்.

பல்கலைக்கழகங்கள் செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருக்கவும் வேண்டாம். நம் மேடையிலும் இந்த இதழிலும் எந்தச் சதவீதத்தைச் சொன்னாலும் பக்கத்திலேயே வருசத்தைச் சொல்வோம். அது மாறிவிட்டால், நமக்குப் பாதகமாக இருந்தாலும், அடுத்த இதழிலேயே திருத்துவோம். வரவு வைக்காத பாஸ்புக்கைக் காட்டி யாரும் கடன் வாங்க முடியாது. பழைய கணக்கைக் காட்டி நம்பிக்கையும் வாங்க முடியாது.

அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அந்தத் தம்பியிடம் 19 சதவீதத்தைச் சொல்லப்போகிறேன். 8, 9 சதவீதத்தையும் சேர்த்துத்தான். வருசத்தோடு.